ஜப்பான் கோயிலில் வாங்கிய சிவப்புப் பை

ஜப்பானில் ஒரு கோயிலுக்கு நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் ஒரு சிவப்புப் பை வாங்கினேன். இரண்டாம் தரம் வாங்காமல் வந்தேன். இரண்டும் பிழை. எது பெரிய பிழை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான் கொட்டாஞ்சேனை ஆள். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. துறைமுகத்தில் கொஞ்சக் காலம் மூட்டை தூக்கினேன். பிறகு சரக்குக் கப்பல். கயிறு, துரு, பெயின்ற். இருபது வருசத்துக்கு மேல் அதுதான் வேலை. வருசத்தில் பத்து மாதம் கடலில். இரண்டு மாதம் வீட்டில். வீட்டில் இருக்கும்போதும் தரை ஆடுகிற மாதிரி இருக்கும்.

என் மனுசி யாழ்ப்பாணம். எங்களைப் போல வேதக்காரர், கத்தோலிக்கர். அவளுக்கு ஒரே தம்பி. சண்டை கடுமையான நேரம் தாய் அவனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். கையில் ஒரு கடதாசித் துண்டு. "இவனை உன்னட்ட ஒப்படைக்கிறன் பிள்ளை." வேறொன்றும் எழுதவில்லை. மனுசி அந்தத் துண்டைச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

மச்சானுக்கு அப்போது இருபத்திமூன்று வயது. வாகனம் நன்றாக ஓட்டுவான். வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையில் வான் ஓட்டுகிற வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் சாமான் அறையில் படுக்கை. கொழும்பில் தங்கப் பொலிசில் பதிந்த துண்டு எப்போதும் சட்டைப் பையில். காலையில் வானை நிரப்பிக்கொண்டு கல்கிசையில் தொடங்கி மட்டக்குளி வரை கடை கடையாகச் சாமான் போடுவான். கொட்டாஞ்சேனைப் பக்கம் வரும் நாளில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு.

"ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில மறிக்கிறாங்கள்?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"போகேக்க ஏழு, வரேக்க ஏழு அத்தான். காலமை பாத்த ஆமிக்காரன்தான் பின்னேரமும் நிப்பான். ஆனா புதுசாப் பாக்கிற மாதிரித்தான் பாப்பான். எனக்கே நான் புது ஆள் மாதிரிக் கிடக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எதற்கும் சிரிப்பான். மனுசி சிரிக்கவில்லை. சோற்றுச் சட்டியை மூடினாள்.

நான் அடுத்த கப்பலுக்கு வெளிக்கிட்ட அன்று வாசலில் வைத்துச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. போற இடத்தில எந்தக் கோயிலைக் கண்டாலும் தம்பிக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அம்மா அவனை என்னை நம்பித்தான் விட்டவ."

ஓம் என்றேன்.

அந்த முறை கப்பல் ஒசாக்காவில் நின்றது. சாமான் இறக்க இரண்டு நாள். டெக்கில் வேலை செய்கிற எங்களுக்கெல்லாம் மேலாள் போசன். காலிப் பக்கத்துச் சிங்களவர். பௌத்தர். என்னைவிடப் பத்து வயது கூட. ஜப்பானுக்குப் பல தரம் வந்தவர், நாலு சொல்லும் பேசுவார். அவர் வந்து என் அறைக் கதவைத் தட்டினார். அவருக்கு நான் மல்லி, தம்பி; எனக்கு அவர் அய்யே, அண்ணன்.

"மல்லி, வெளிக்கிடு. கோயிலுக்குப் போவம்."

"யாற்ற கோயில்?"

"கப்பல்காரன்ட கோயில். இங்க கடலுக்குப் போறவன் எல்லாம் அங்கதான் கும்பிடுறது. ஆயிரம் வருசத்துக்கும் மேலயாம்."

"நான் வேதக்காரன், அய்யே."

"தெரியும். சப்பாத்தைப் போடு."

டிராமில் போனோம். வீடுகளுக்கு நடுவால் மெதுவாகப் போகிற சின்ன டிராம். இறங்கின இடத்திலேயே கோயில். ரோட்டிலிருந்தே கல் விளக்குகள் வரிசையாக நிற்கின்றன. நூற்றுக்கணக்கில். சிலது என்னைவிட இரண்டு மடங்கு உயரம். அந்தக் காலத்துக் கப்பல் முதலாளிமார் நேர்த்திக்கு வைத்தவை என்று போசன் சொன்னார். முந்திக் கடல் கோயில் வாசல் வரைக்கும் இருந்ததாம். நான் பார்த்தேன். கடலைக் காணவில்லை. மண் போட்டு ஊராக்கிவிட்டார்கள்.

உள்ளே போக ஒரு சிவப்புப் பாலம். தட்டையான பாலம் இல்லை. வில்லுப் போல வளைந்தது. ஏற மூச்சு வாங்கும். இறங்கப் பயமாக இருக்கும். கப்பல் ஏணியில் ஏறி இறங்கிப் பழகின நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்குப் பக்கத்தால் ஒரு பெண்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று இறங்கிப் போனாள். போசன் பார்த்துவிட்டார். "கப்பலில சொல்லமாட்டன், பயப்பிடாத" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் சொன்னார்.

பாலம் தாண்ட ஒரு வாசல். கதவு இல்லை, மதில் இல்லை. இரண்டு கல் தூண், மேலே குறுக்கே கல். போசன் தலை குனிந்து போனார். இடிக்காது என்று தெரிந்தும் நானும் குனிந்தேன். பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டி. கல்லில் செய்த முயல் ஒன்றின் வாயால் தண்ணீர் விழுகிறது. மரக் கரண்டியால் அள்ளி இடது கை, வலது கை, பிறகு வாய். போசன் செய்து காட்டினார். கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடுகிற கை எனக்கு. ஈரம் பட்டதும் தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. பாதி வழியில் இறக்கினேன்.

மரக் கோயில்கள் நாலு. தூண் சிவப்பு, சுவர் வெள்ளை. கூரை மரப்பட்டை. எல்லாம் முந்திக் கடல் இருந்த பக்கம் பார்த்தபடி. "கப்பல்கள் துறையை விட்டு வெளிக்கிடுற மாதிரிக் கட்டியிருக்கு பார்" என்றார் போசன். அப்படித்தான் இருந்தது. உள்ளே சிலை இல்லை. திரை. திரைக்குப் பின்னால் என்ன என்று தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. காலுக்குக் கீழே சல்லிக்கல் நொறுங்குகிற சத்தம் மட்டும்.

போசன் பெட்டிக்குள் ஒரு நாணயம் போட்டார். இரண்டு தரம் குனிந்தார். இரண்டு தரம் கை தட்டினார். கண்ணை மூடி நின்றார். பிறகு ஒரு தரம் குனிந்தார். நான் கையை ஜக்கெற்றுக்குள் வைத்தபடி நின்றேன்.

"என்ன மல்லி, விறைச்சுப் போனியா?"

"நீங்க கும்பிடுங்க."

"எங்கட ஆக்கள் எல்லாம் செவ்வாய்க்கிழமை உங்கட அந்தோனியாரிட்ட மெழுகுதிரியோட வாறம். எங்கட அம்மா காலியில இருந்து கோச்சி ஏறி வருவா. அந்தோனியார் போ எண்டு சொன்னவரா? நீ ஜப்பான் வரைக்கும் வந்து வாசலில நிண்டு யோசிக்கிறாய்."

மனுசி சொன்னது நினைவில் இருந்தது. எந்தக் கோயிலைக் கண்டாலும் என்றுதான் சொன்னாள். ஆனால் பாவம் என்று பயம். வெறுங்கையோடு போகவும் மனம் இல்லை.

பக்கத்தில் ஒரு கவுண்டர். வெள்ளைச் சட்டை, சிவப்புப் பாவாடை போட்ட இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். முன்னால் சின்னச் சின்னத் துணிப் பைகள். தீப்பெட்டி அளவு. வாயைக் கயிற்றால் கட்டி, மேலே வெள்ளைக் கயிற்றில் ஒரு வளையம். நிறம் நிறமாக. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காரியம் என்று போசன் சொன்னார். படிப்புக்கு ஒன்று. நோய் வருத்தத்துக்கு ஒன்று. பிள்ளைப்பேறுக்கு ஒன்று.

"இந்தச் சிவப்பு என்னத்துக்கு?"

"ரோட்டில பாதுகாப்புக்கு. நானும் ஒண்டு எடுக்கிறன். வீட்டில வான் நிக்குது, மகன் ஓட்டுறான்."

நானும் ஒன்று எடுத்தேன். வாங்கினால் அது கும்பிட்டதாகாது என்று என் கணக்கு. கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளை பையை வெள்ளைக் கடதாசி உறையில் போட்டாள். கையால் காட்டிச் சொன்னாள். முடிச்சில் விரலை வைத்து, அவிழ்க்கக் கூடாது என்று கையை ஆட்டினாள். திறந்தால் பலன் போய்விடுமாம். பிறகு இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரிக் காட்டி, கண்ணாடியில் தொங்கவிடு என்று காட்டினாள். எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

திரும்பி வரும்போது போசனும் சொன்னார். "வானுக்குள்ள கட்டச் சொல்லு."

"வான் முதலாளியுடையது, அய்யே. அதில கட்டினா முதலாளியைத்தானே காக்கும்?"

போசன் டிராமில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அப்ப எங்க கட்டப் போறாய்?"

"ஆளில."

எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். உத்தரியத் துணி என்றாலும் சரி, புனிதர் படம் என்றாலும் சரி, கழுத்தில்தான். உடம்பில் இருந்தால்தான் காக்கும். வானில் தொங்கினால் அது வானுக்கு.

லீவில் வந்தபோது மச்சானை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பையின் வளையம் கழுத்துக்குக் காணாது. கப்பலில் இருந்து ஒரு முழம் நூல் கொண்டுவந்திருந்தேன். தார் போட்ட கறுத்த நூல். பாய்மரக் காலத்தில் இருந்து கப்பலில் இருக்கிறது. உப்பிலும் உக்காது.

மனுசி பார்த்துவிட்டாள். "கறுப்பு வேண்டாம்."

"ஏன்?"

"இப்ப ஊர் அப்பிடி. கழுத்தில கறுத்தக் கயிறைக் கண்டா என்ன நினைப்பாங்கள் எண்டு தெரியாதே? குப்பி எண்டுதான் நினைப்பாங்கள். நீங்க கடலில இருக்கிற ஆள்."

குப்பி என்றால் இயக்கப் பெடியள் கழுத்தில் கட்டுகிற சயனைட் குப்பி. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"இது சிவப்புப் பை. கண்ணுக்கு வடிவாத் தெரியுதுதானே. வேற நூல் அறுந்திடும். இது அறாது."

முடிச்சும் போடவில்லை. முடிச்சு என்றால் அவிழும். கப்பலில் நாங்கள் கயிற்றின் நுனிகளைப் பிரித்து, பிரிக்குள் பிரியாகப் பின்னிவிடுவோம். முடிச்சே இருக்காது. கழற்ற முடியாது, வெட்டத்தான் வேணும். அவனைக் கதிரையில் இருத்திக் கழுத்தோடு வைத்துப் பின்னினேன். தலையால் கழற்ற வராத அளவு. அரை மணித்தியாலம் பிடித்தது. அவன் ஆடாமல் இருந்தான்.

"என்ன அத்தான், என்னைத் துறைமுகத்தில கட்டிறீங்களா?"

"பேசாம இரு. இதைத் திறக்கக்கூடாது. திறந்தா பலன் இல்லை."

"உள்ள என்ன?"

"தெரியாது. கேக்கக்கூடாது."

"ஓம் அத்தான்."

எழும்பிக் கண்ணாடியில் பார்த்தான். சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டான். மனுசி குசினிக்குள் போய்விட்டாள். பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்றும் இல்லை. பிறகும் இல்லை.

நான் கப்பலுக்குத் திரும்பி மூன்றாம் மாதம். சிங்கப்பூரில் இறங்கி வீட்டுக்குப் போன் எடுத்தேன். பக்கத்துக் கடையில்தான் போன். அவள் வர நேரம் எடுத்தது.

"தம்பியைப் பிடிச்சிட்டாங்கள்."

"எப்ப?"

"ஒம்பது நாள்."

"எதுக்கு?"

அவள் பேசவில்லை. கழுத்துக் கயிறுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது.

கப்பலை விட்டு வர ஏலாது. ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருந்தது. கப்டனிடம் கேட்டேன். அடுத்த துறைமுகம் வரட்டும் என்றார். அடுத்த துறைமுகத்திலும் அதையே சொன்னார். மூன்றாவது தரம் நான் கேட்கவில்லை. மனுசி தனிய அலைந்தாள். நீதிமன்றம் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். தடுப்பில் அவனைப் பார்க்க விடியவே பஸ் ஏறுவாள். சில நாள் விடுவார்கள். சில நாள் சாப்பாட்டுப் பார்சலை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள். சிங்களம் அவளுக்குக் கொஞ்சம்தான் தெரியும். அந்த எட்டு மாதத்தில் முழுக்கப் படித்துவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம் அவனை விட்டார்கள். மெலிந்திருந்தான். இடது காது கேட்காது. ஆள் பின்னால் வந்தால் திடுக்கிட்டுத் திரும்புவான். என்ன நடந்தது என்று அவனே சொன்னான். நான் கேட்கவில்லை.

பம்பலப்பிட்டி தாண்டி ஒரு இடத்தில் வானை மறித்திருக்கிறார்கள். புது ஆமிக்காரன். சட்டை மேல் பொத்தான் திறந்திருந்தது. கயிற்றைக் கண்டுவிட்டான்.

"'மேக்க மொக்கத?' எண்டான் அத்தான். இது என்ன எண்டு. காவல் எண்டன். உள்ள என்ன எண்டான். தெரியாது எண்டன். கழற்று எண்டான். கழற்ற ஏலாது எண்டன். அப்ப திற எண்டான்."

இடது காதைத் தடவினான்.

"திறக்கக்கூடாது எண்டு சொன்னன்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"திறந்திருக்கலாமே" என்றேன். வாயில் இருந்து வந்துவிட்டது.

"நீங்கதானே அத்தான் சொன்னீங்க."

குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். பிறகு பழைய மாதிரிச் சிரித்தான்.

"உங்கட பின்னலை வெட்ட மூண்டு பிளேட் முடிஞ்சுது. அந்தப் பொலிஸ்காரன் உங்களைத்தான் நல்லாப் பேசினான்."

பைக்குள் இருந்தது ஒரு சின்னப் பலகைத் துண்டு. மேலே கடதாசி சுற்றி. ஜப்பான் எழுத்து. இது என்ன சங்கேதம் என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். அவனுக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியாது. கடைசியில் சட்டத்தரணி, ஜப்பானில் வேலை செய்து வந்த ஒரு சிங்கள ஆளைத் தேடிப் பிடித்து, அதை வாசிக்க வைத்தார். ரோட்டில் பத்திரமாகப் போய் வருவதற்கு என்று எழுதியிருந்ததாம். அவ்வளவுதான்.

பை திரும்பி வரவில்லை. வழக்குப் பொருள் என்று வைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அவன் வெள்ளவத்தைக்குப் போகவில்லை. முதலாளி நல்ல மனுசன், வா என்றுதான் சொன்னார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கியது. எங்கள் வீட்டில் இருந்தான். தண்ணீர் அள்ளிக் குடுப்பான். அக்காவுக்குத் தேங்காய் துருவிக் குடுப்பான். வாசலுக்கு வரமாட்டான். அப்படி இரண்டு வருசத்துக்கு மேல்.

பிறகு சமாதானக் காலம் வந்தது. வடக்குக்குப் போகிற ரோட்டைத் திறந்தார்கள். தாய் அங்கே தனிய. அவன் போனான். கை நடுக்கம் மெல்ல நின்றது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பழைய வானை வாங்கித் திருத்தி ஆட்களை ஏற்றினான். தன் சொந்த வான். கொழும்புக்குச் சாமான் வாங்க வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவான்.

ஒரு தரம் நான் கப்பலுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வந்து இருந்தான்.

"அத்தான், இந்த முறை ஜப்பான் போவீங்களா?"

"தெரியாது. ஏன்?"

"போனா அதே மாதிரி ஒண்டு வாங்கி வாங்கோ. சிவப்பு."

நான் அவனைப் பார்த்தேன். பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை.

"அதாலதானேடா உனக்கு இவ்வளவும்."

"நான் இருந்த கூட்டில பதினொரு பேர் அத்தான். நாலு பேர்தான் வெளிய வந்தது. நான் ஒருத்தன். அது காக்கேல்லை எண்டு என்னெண்டு சொல்லுறது?"

மடித்த சட்டையைத் திரும்பவும் விரித்து மடித்தேன்.

"இந்த முறை கழுத்தில இல்லை. வானில தொங்க விடுறன். வான் என்ர."

சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மனுசி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பயணம் கப்பல் ஒசாக்காவுக்குப் போனது.

போசன் அப்போது கப்பலில் இல்லை. ஓய்வு எடுத்து ஊரில். தனியத்தான் போனேன். அதே டிராம். அதே கல் விளக்குகள். சிவப்புப் பாலத்தில் கைப்பிடி பிடித்து ஏறினேன். முயல் வாய்த் தண்ணீரில் இடது கை, வலது கை, வாய். பெட்டிக்குள் நாணயம் போட்டேன். இரண்டு தரம் குனிந்தேன். இரண்டு தரம் தட்டினேன். இந்த முறை பயம் இல்லை. பாவம் என்றால் பாவம். தமிழில்தான் கேட்டேன். அவனைப் பார்த்துக்கொள் என்று கேட்டேன். வேறு சொல் வரவில்லை.

பிறகு கவுண்டருக்குப் போனேன். அதுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. பழைய பைகளைத் திருப்பிக் கொண்டுவந்து அதில் போடுகிறார்கள். ஒரு வருசம் முடிந்தால் கோயிலுக்கே திருப்பிக் குடுக்க வேணுமாம். ஒரு மனுசன் ஊத்தை பிடித்த சிவப்புப் பை ஒன்றைப் போட்டுவிட்டுத் தலை குனிந்தான். வேலை முடிந்த பை. என்னிடம் திருப்பிக் குடுக்க ஒன்றும் இல்லை. அது கொழும்பில் ஏதோ ஒரு அலுமாரிக்குள், நம்பர் ஒட்டிக் கிடக்கும்.

சிவப்பைக் காட்டினேன். வேறு ஒரு பிள்ளை. உறைக்குள் போட்டாள். இரண்டு கையாலும் நீட்டினாள். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். கனம் இல்லை. கைக்குள் ஒன்றும் இல்லாத மாதிரி.

கதிரையில் ஆடாமல் இருந்த அவன் கழுத்து கண்ணுக்குள் வந்தது.

என் கையால் இன்னொரு தரம் குடுக்க ஏலாது என்று பட்டது. ஏதும் நடந்தால் பிறகு மனுசியின் முகத்தைப் பார்க்க ஏலாது. அவ்வளவுதான் யோசித்தேன். அவனைப் பற்றி யோசித்தேன் என்று அன்று நினைத்தேன். இல்லை. என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன். உறையைத் திருப்பி வைத்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

அந்தப் பிள்ளை எழும்பி, தலையைத் தாழ்த்தி, ஏதோ சொன்னாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று விளங்கியது. தான் ஏதோ பிழை விட்டுவிட்டதாக நினைத்திருக்கிறாள். இல்லை, இல்லை என்று சொல்ல எனக்கு மொழி தெரியாது. திரும்பி நடந்தேன். பாலத்தில் இருந்து பார்த்தேன். இன்னும் குனிந்தபடி நின்றாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவன் கொழும்பில் நின்றான். பஞ்சிகாவத்தையில் பழைய டயர் பார்க்க வந்தவன். பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான். சவுக்காரம், பிஸ்கட் டின், மனுசிக்கு ஒரு குடை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கப்பல் ஜப்பானுக்குப் போகேல்லை" என்றேன்.

"பரவாயில்லை அத்தான். அடுத்த முறை."

குடையை விரித்து அக்காவுக்குப் பிடித்துக் காட்டினான். பின்னேரம் டயர்களை ஏற்றிக்கொண்டு போனான். மனுசி தன் செபமாலையைக் குடுத்துவிட்டாள், வானில் தொங்கவிட.

அடுத்த முறை இருக்கவில்லை. ரோட்டை மூடினார்கள். சண்டை திரும்பவும் வந்தது. முதலில் ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒரு போன். தாய் செத்துப்போனதைச் சொன்னான். வானில் ஆட்களை இடம் மாற்றிக்கொண்டு திரிகிறேன் என்றான். அதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் வந்து சொன்னார், ரோட்டோரம் அவனுடைய வானைக் கண்டதாக. முன் கண்ணாடி உடையவில்லையாம். செபமாலை தொங்கினதாம். ஆளைக் காணவில்லையாம்.

போசன் இரண்டு வருசத்துக்கு முன் செத்தார். செத்தவீட்டுக்குக் காலிக்குப் போனேன். வாசலில் அவர் மகனின் வான். கண்ணாடியில் அந்தப் பை. சிவப்பு வெளிறிச் செங்கல் நிறம். திருப்பிக் குடுக்க வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது. இன்னும் தொங்குகிறது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அந்தக் கோயிலில் கும்பிட்டதைச் சொன்னேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். வாங்காமல் வந்ததைச் சொல்லவில்லை. அது பத்துக் கட்டளையில் எதுக்குள் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொன்னதையும் சொல்லவில்லை. அது எதுக்குள் வரும் என்று தெரியும்.

கார்த்திகை மாதம் எங்கள் கோயிலில் மரித்தவர்களுக்குப் பூசை. பெயர் எழுத ஒரு கடதாசி தருவார்கள். மற்ற வேண்டுதல்களுக்கு வேறு கடதாசி. மனுசிக்கு இப்போது கண் மங்கல். அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவது. அவளுடைய அப்பா. அம்மா. என் அப்பா. அம்மா. அந்த இடத்தில் நிறுத்துவாள். நான் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருப்பேன். "காணும், போதும்" என்பாள். பிறகு மற்றக் கடதாசியை எடுக்கச் சொல்லுவாள். பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காக என்று எழுதி, அதுக்குக் கீழே அவன் பெயர். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான்.

இந்த வருசமும் எழுதினேன். மடிக்கும்போது அவள் கேட்டாள்.

"அந்த முறை கப்பல் ஜப்பானுக்குப் போயிருந்தா, வாங்கி வந்திருப்பீங்கதானே?"

இத்தனை வருசத்தில் கேட்காத கேள்வி.

"போனது" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"கோயிலுக்கும் போனனான். கையில எடுத்திட்டு வைச்சிட்டு வந்திட்டன்."

வெளியே யாரோ சைக்கிளில் பாண் விற்றுக்கொண்டு போனார்கள். பிறகு கையை நீட்டினாள்.

"கொண்டாங்கோ."

கடதாசியைக் குடுத்தேன். விரித்தாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். விரலை வைத்து எழுத்து எழுத்தாக அவன் பெயரைப் பார்த்தாள். நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று அவள் பார்த்தது அதுதான் முதல் தரம்.